இடிதாங்கிக் குழி

இன்னொரு குடத்தையும் கொண்டுவந்து சாய்த்தபோதுதான் டெல்பின் கவனித்தாள். தண்ணீர் குழிக்குள் இறங்குகிறது, ஆனால் விழுந்த சத்தம் வரவில்லை.

கரியும் உப்பும் போட்டு நிரப்பிய குழி அது. நேற்றுவரை ஒரு குடம் ஊற்றினால் மேலே கொஞ்ச நேரம் கலங்கி நிற்கும், நுரை கட்டும், நனைந்த கரியின் நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறும், அப்புறம் முணுமுணுத்துக்கொண்டே மெல்ல உள்ளே போகும். இன்றைக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை. யாரோ அடியில் அண்ணாந்து படுத்துக்கொண்டு நேராகத் தொண்டைக்குள் வாங்கிக்கொள்கிற மாதிரி, ஒரு சொட்டுகூடத் தெறிக்காமல் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. குடம் காலியானதும் குழிக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெருமூச்சு வந்தது. தாகம் பாதி அடங்கியவர்கள் விடுகிற மூச்சு.

"சீ, என்ன பைத்தியக்காரத்தனம்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். சித்திரை வெயில் மண்ணை வறுத்துப் போட்டிருக்கிறது. வெடித்துக் கிடக்கிற மண் தண்ணீரைக் குடிக்காமல் வேறென்ன செய்யும்? பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜீயபுரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தவளுக்குக் காது அடைத்துப்போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இப்படியெல்லாம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிவிட்டு, குடத்தைக் கிணற்றடியில் கவிழ்த்தாள்.

இந்தக் குழியும் வேண்டும், இந்த இடிதாங்கிக் கம்பியும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். போன ஐப்பசியில் அவள் கணவர் ஸ்தனிஸ்லாஸ் வாழைத் தோட்டத்தில் இடி விழுந்து செத்துப்போனார். அதற்குப் பிறகு வானம் லேசாக உறுமினாலே அவள் ஓடிப்போய் ஜன்னலையெல்லாம் சாத்துவாள். தலைக்கு மேலே பார்த்தால் மொட்டை மாடி முழுக்க நீல நிறத் தகர ஷீட்டு. வெக்கை தாங்கவில்லை என்று அவர் ஆசையாகப் போட்ட கூரை. பூசை முடிந்து சர்ச் வாசலில் நின்று பேசுகிறவர்கள் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். ஷீட்டைப் பிரித்துவிடு என்றார்கள், சர்ச்சில் மந்திரித்துத் தந்த குருத்தோலையை எரித்துப் புகை போடு என்றார்கள். அவளுக்கு இனி இருப்பது மகள் லின்சி ஒருத்திதான். பதினாலு வயசு. வானம் வீட்டில் ஒரு ஆளை எடுத்துக்கொண்டது போதும், இந்தப் பிள்ளையைத் தொட விடமாட்டேன் என்று ராத்திரியெல்லாம் மாதாவிடம் மன்றாடுவாள்.

மலைக்கோட்டைக்குக் கீழே கடை வீதியில் செம்புப் பட்டை வாங்கி, அதே கடையில் சொல்லித்தான் எலக்ட்ரீஷியன் அனீஸைப் பிடித்தாள். வெற்றிலை மென்றபடி வேலை செய்கிற கலகலப்பான ஆள்.

"ஷீட்டுக்குப் போய் இப்படிப் பயப்படறீங்களே டீச்சர். ஷீட்டு என்ன பண்ணும்? விழுந்த இடிக்குப் போறதுக்கு ஒரு வழி வேணும், அவ்வளவுதான். வழியைப் போட்டுக் குடுத்துட்டா அது பாட்டுக்கு மண்ணுக்குள்ள போயிடும்."

"உள்ள இருக்கிற பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, டேங்க் ஸ்டாண்டு, இரும்புன்னு இருக்கிற எல்லாத்தையும் சேர்த்துக் கட்டிடறேன். வீடே ஒரே உடம்பு மாதிரி ஆயிடும். நீங்க நிம்மதியா தூங்கலாம்."

கூரையின் முகட்டில் கூரான கம்பிகளை நட்டான். அங்கிருந்து செம்புப் பட்டையைப் பின்சுவர் வழியாகக் கீழே இறக்கினான். இடுப்பு உயரத்தில் பட்டையை இரண்டாக வெட்டி, போல்ட்டுப் போட்டு முடுக்கினான். வருஷா வருஷம் அந்த இடத்தில் கழற்றி மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டுமாம். சுவர் ஓரமாக ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டி, அடியில் செம்புத் தகட்டை நிறுத்தி, கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு நிரப்பி, மேலே ஒரு மூடி போட்டான். கரியை மூட்டை மூட்டையாகத் தன் லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியவன் பிரிட்டோ, அவள் கொழுந்தன். எல்லாம் முடிந்து மீட்டரை வைத்துப் பார்த்த அனீஸ், தட்டிப் பார்த்தான், மறுபடி வைத்துப் பார்த்தான்.

"இவ்வளவு நல்ல எர்த் நான் எங்கயுமே பார்த்ததில்ல டீச்சர். மண்ணு அப்படியே இழுக்குது. மழைக்காலம் வர்றவரைக்கும் தினம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. காய மட்டும் விட்டுடாதீங்க."

அவளும் காய விடவில்லை.

முதலில் வந்தது சத்தம். தகர ஷீட்டு என்றால் சத்தம் போடத்தான் செய்யும். மத்தியான வெயிலில் விரியும்போது படபடவென்று வெடிக்கும், சாயங்காலம் சூடு இறங்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக முறுக்கிக்கொள்ளும். அதெல்லாம் அவளுக்குப் பழகிய சத்தம். ஆனால் ஒரு சாயங்காலம் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது சத்தம் கூரையில் தொடங்கவில்லை. குழியில் தொடங்கியது. டிக் என்று பட்டையின் அடியில். பிறகு கொஞ்சம் மேலே. போல்ட்டுப் போட்ட இடத்தில் ஒரு நொடி தயங்கி, அதைத் தாண்டி, சுவர் நெடுக ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மேலே ஷீட்டு 'ணங்' என்று அழுந்தியது, ஓர் ஆள் கால் வைத்த மாதிரி. அப்புறம் அடி மேல் அடி வைத்துத் தோட்டத்துப் பக்கத்து ஓரம்வரைக்கும் போய் நின்றுவிட்டது.

அந்த ஓரத்துக்குக் கீழே, மொட்டை மாடியில்தான் தினமும் சாயங்காலம் ஸ்தனிஸ்லாஸ் போய் நிற்பார். அங்கே நின்றுதான் வாழையைப் பார்ப்பார்.

சாம்பல் ஒட்டிய கையோடு எழுந்து போய், டெல்பின் பட்டையில் காதை வைத்தாள். வெயிலில் காய்ந்த செம்பு குளிர்ந்து கிடந்தது. உள்ளே தூரத்தில் மோட்டார் ஓடியது. வாழையிலையில் மழை கொட்டியது. அவள் தலையைத் தூக்கித் தோட்டத்தைப் பார்த்தாள், ஓர் இலைகூட அசையவில்லை. மறுபடி காதை வைத்தபோது, மழைக்குள்ளிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். பதினாறு வருஷம் பக்கத்துத் தலையணையில் கேட்ட செருமல்.

அப்போதே பயந்திருக்க வேண்டும். அவள் பயப்படவில்லை, சந்தோஷப்பட்டாள். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, "எங்கங்க போனீங்க, எங்கங்க போனீங்க" என்று அழுதாள். மறுநாளிலிருந்து ஒரு குடம் ஊற்றின இடத்தில் இரண்டு ஊற்றினாள். அதற்கப்புறம் குழி கேட்கக் கேட்க ஊற்றினாள்.

லின்சி கம்பியைப் பிடிக்க ஆரம்பித்தது அப்போதுதான். ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் எழுதுவாள், இன்னொரு கை ஜன்னல் கம்பியில் இருக்கும்.

"என்னடி எப்பப் பார்த்தாலும் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு?"

"சும்மாம்மா. ஜில்லுன்னு இருக்கு."

இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். பிறகு சாப்பாடு குறைந்தது. உள்ளங்கையில் கறுப்பு ஏறியது, சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. மகள் தலையை வாரும்போது முடியிலிருந்து நனைந்த கரி வாசனை வந்தது. நேற்றுச் சாயங்காலம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது, லின்சி கம்பியில் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். "வரேம்பா. கொஞ்சம் இருங்க, வரேன்."

டெல்பின் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள். "யாருகிட்டடி பேசற?"

"அப்பாகிட்ட."

"என்ன சொல்றாரு?"

"நனையாத பாப்பா, இங்க வான்னு சொல்றாரு. அன்னைக்குச் சொன்னதேதாம்மா. அன்னைக்கு நான்தான் போகல."

அன்றைக்கு மழை பிடித்ததும் ஸ்தனிஸ்லாஸ் மோட்டார் ஷெட்டுக்குப் பக்கத்திலிருந்த பெரிய கருவேல மரத்தடிக்கு ஓடினார். சேற்றில் மாட்டின செருப்பை இழுத்துக்கொண்டு லின்சி பின்தங்கிவிட்டாள். மரத்தில் சாய்ந்துகொண்டு அவர் கூப்பிட்டார், நனையாத பாப்பா, இங்க வா. அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. அவர் கடைசியாகச் சொன்னது என்ன என்று லின்சி சொன்னது ஒரே ஒரு தடவைதான், ஆஸ்பத்திரியில், பிணவறைக்கு வெளியே.

நேற்று ராத்திரி மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள், பொட்டுத் தூக்கம் இல்லை. இன்று பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கும்போதும் அந்தக் கறுத்த உள்ளங்கைதான் கண்ணில் நின்றது. சாயங்காலம் வீடு வந்தவள், விட்டால் குழி என்ன செய்யுமோ என்ற பயத்திலேயே தண்ணீரை ஊற்றினாள். குழி சத்தமில்லாமல் குடித்து மூச்சு விட்டதும்தான், இத்தனை நாள் கேட்காத கேள்வி ஒன்று மண்டைக்குள் வந்து உட்கார்ந்தது. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு பிரிட்டோவுக்குப் போன் போட்டாள்.

"பிரிட்டோ, அந்தக் கரி எங்க வாங்கினீங்க?"

"ஏன் அண்ணி?"

"எங்க வாங்கினீங்கன்னு கேக்கறேன்."

"வாங்கல அண்ணி. நம்ம மோட்டார் ஷெட்டு கருவேலந்தான். இடி விழுந்த மரம்னு விறகுக்குக்கூட ஒருத்தனும் தொடமாட்டேன்னுட்டான். சும்மாதான கிடக்குதுன்னு நானே மூட்டம் போட்டுக் கரியாக்கினேன். அடுப்புலயா வைக்கப் போறோம், மண்ணுக்குள்ளதான போகுதுன்னு நெனச்சேன்..."

டெல்பின் குழியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மரத்தை அவள் பார்த்திருக்கிறாள். அடக்கம் முடிந்த மறுநாள் போய்ப் பார்த்தாள். உச்சியிலிருந்து அடிவரை பிளந்து கிடந்தது. அவர் சாய்ந்து நின்ற இடத்தில், கரிந்த மரப்பட்டையோடு பட்டையாக, அவர் சட்டைத் துணி ஒட்டியிருந்தது. துணி மட்டுமா ஒட்டியிருந்தது என்று அவள் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. அதை எரித்து, உப்புப் போட்டு, வீட்டோடு சேர்த்துக் கட்டியாயிற்று. தினம் தவறாமல் தண்ணீரும் அவளே ஊற்றியிருக்கிறாள்.

"அடப்பாவி" என்றாள். "உடனே வண்டியை எடுத்துட்டு வாங்க. நானும் பிள்ளையும் இன்னைக்கு இங்க இருக்க மாட்டோம்."

அனீஸையும் கூப்பிட்டாள். அவன் ஸ்ரீரங்கத்தில் ஏதோ கூரை மேல் நின்றான், காற்று அவன் பேச்சைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தது. "குழியத் தோண்டணுமா? என்ன டீச்சர் விளையாடறீங்களா! மழை கட்டிக்கிட்டு வருது, பாலத்துல வண்டியே நகரல. காலையில வரேன். நீங்க பாட்டுக்கு எதையும் கழட்டிடாதீங்க. பாதில வெட்டி விட்டா இடி வேற வழி தேடும்."

அப்போதுதான் அவள் வானத்தைப் பார்த்தாள். முசிறிப் பக்கம் மை பூசின மாதிரி இருந்தது. வெயில் இருந்த சுவடே இல்லை. ஆறு மணிக்கே வாழைத் தோட்டத்துக்குள் இருட்டு வந்து நின்றது. வீட்டுக்குள் ஃபேன் சுற்றுவது நின்றது. கரண்ட் போய்விட்டது.

"லின்சி! செருப்பைப் போடு, சித்தப்பா வராரு, கிளம்பு!"

லின்சி ஜன்னலை விட்டு நகரவில்லை. இப்போது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள். டெல்பின் விரல்களைப் பிரித்தாள். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று மூடிக்கொண்டது. பிள்ளையின் கைதான், ஆனால் பலம் பிள்ளையின் பலம் இல்லை. கம்பி அதிர்ந்தது. அந்த அதிர்வு மகளின் கை வழியாகத் தன் கைக்கும் ஏறுவது தெரிந்தது.

"விடுடி! உன் கால்ல வேணா விழறேன், விடு!"

"அப்பா தனியா இருக்காரும்மா. நனையறாரு."

தூரத்தில் உறுமியது. பெரிய சத்தம் இல்லை. ஆனால் வீட்டிலிருந்த இரும்பெல்லாம் அதற்குப் பதில் சொன்னது. மாடிப்படிக் கைப்பிடி. டேங்க் ஸ்டாண்டு. தலைக்கு மேலே ஷீட்டு முழுக்க, ஓர் ஆள் அவசரமாக இங்குமங்கும் நடந்தார்.

வெட்டியாக வேண்டும். இடி எந்த வழி தேடினாலும் தேடட்டும். இந்த வழியை வெட்டியாக வேண்டும்.

மோட்டார் பழுதுபார்க்க அவர் வைத்திருந்த டப்பாவைக் கொட்டி ஸ்பேனரை எடுத்தாள். கொல்லைக்கு ஓடினாள். குழியின் மூடி விலகியிருந்தது. அவள் விலக்கவில்லை. உள்ளே பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, போல்ட்டில் ஸ்பேனரை மாட்டித் திருகினாள். அசையவில்லை. முழு உடம்பையும் கொடுத்துத் திருகினாள். கிரீச்.

"டெல்பி."

பட்டைக்குள்ளிருந்து வந்தது. காதுக்கு வெகு கிட்டத்தில். அவர் ஒருவர்தான் அவளை அப்படிக் கூப்பிடுவார்.

"டெல்பி, மழை வருது. பிள்ளையை அனுப்பு."

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. எத்தனை ஆசை அந்தக் குரல் மேல்! எத்தனை மாதம் அதற்காக ஏங்கிக் கிடந்தாள்! இருந்தாலும் கை திருகுவதை நிறுத்தவில்லை.

"அனுப்ப மாட்டேன்" என்றாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், போயிடுங்க. எனக்கு அவ ஒருத்திதான் இருக்கா."

"அனுப்பு."

போல்ட்டு கழன்று மண்ணில் விழுந்தது. மேல் பட்டையை இரண்டு கையாலும் இழுத்து வளைத்தாள். இடைவெளி விழுந்தது. ஒரு சாண். அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் குழி.

சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. ஷீட்டு பேசவில்லை. இரும்பு அதிரவில்லை. செம்பு வெறும் செம்பாக வெதுவெதுவென்று இருந்தது. டெல்பின் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இரண்டாம் முறையாக அவரைத் தன் கையாலேயே புதைத்த மாதிரி இருந்தது. ஆண்டவரே, மன்னியும். பிள்ளை போதும். பிள்ளை பிழைத்தால் போதும்.

வாசலில் ஹாரன் கேட்டது. பிரிட்டோ வந்துவிட்டான். எழுந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தாள். கரூர் ரோட்டில் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

முன்வாசல் வழியாக உள்ளே வந்தாள். "லின்சி, எல்லாம் சரியாயிடுச்சு. வா, ரோட்டுல போய் நிப்போம்."

நாற்காலி காலியாக இருந்தது.

ஜன்னல் கம்பியில் கறுப்புக் கறுப்பாக விரல் பதிந்திருந்தது. சின்ன விரல்கள், உள்பக்கமிருந்து பிடித்தவை. அவற்றின் மேலேயே பெரிய விரல்கள். வெளிப்பக்கமிருந்து.

அடுப்படி. இல்லை. படுக்கை அறை. இல்லை. மாடிப்படி. இல்லை. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது.

"லின்சி!"

மகள் குழியோரம் மண்டி போட்டிருந்தாள். வலது கையைத் தூக்கி, டெல்பின் வளைத்துவிட்ட மேல் பட்டையை இறுகப் பற்றியிருந்தாள். இடது கை குழிக்குள் இருந்தது. கரியும் உப்பும் இறுகிக் கிடந்த அந்தக் குழிக்குள், தோள்வரைக்கும். டெல்பின் வெட்டிவிட்ட இடைவெளியை இப்போது மகள் உடம்பு சேர்த்துக் கட்டியிருந்தது. கன்னம் குழியின் விளிம்பில் அழுந்தியிருந்தது. தோள் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது.

டெல்பின் ஓடினாள். கால்கள் போதவில்லை. இத்தனை சின்னக் கொல்லை, இத்தனை தூரமா?

லின்சி கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"அம்மா" என்றாள். அழுகை இல்லை. ஏதோ புரியாததைக் கேட்கிற குரல். "அப்பா கைய விடமாட்டேங்கறாரும்மா."

மேலே ஷீட்டு மெல்ல ரீங்கரிக்கத் தொடங்கியது. ஒரு துளி மழை இல்லை. காற்று இல்லை. வாழையிலை ஒன்றுகூட அசையவில்லை. மண்டியிட்டிருந்த மகளின் முதுகிலிருந்து அவள் பின்னல் மட்டும் தானாகக் கிளம்பி, ரிப்பன் கட்டிய நுனி முதலில், பிறகு முழுப் பின்னலும், வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது.